குப்பை லாரியும் ஹெல்பர் மறுஆய்வு மன்றமும்

கணினி நிரல்களைச் சோதித்து ஏற்கிற கெர்னல் மறுஆய்வு மன்றத்தைப் பற்றி யாராவது மரியாதையாகப் பேசினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. "பெரிய மூளைக்காரங்கப்பா" என்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் அந்தக் கட்டடத்துக்குள் போனேன். போன பிறகு தெரிந்தது, அந்த மாடியில் மூளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று.

விஷயம் இதுதான். என் அக்கா குப்பை லாரி டிரைவர். பின்வாயில் குப்பையை வாங்கி, அழுத்தி, விழுங்குகிற பெரிய லாரி. சந்துக்குள் நேராகப் போனால் திரும்ப இடமிருக்காது; ரிவர்ஸில்தான் வெளியே வர வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு கேமரா, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு திரை. கண்ணாடியைப் பார்க்காதே, திரையைப் பார் என்பது டிப்போவின் உத்தரவு. அன்றைக்குக் காலையில் அக்கா திரையைப் பார்த்தாள். சந்து காலியாக இருந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தாள். மடாரென்று ஒரு சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால் ஒரு பழவண்டி சுக்குநூறாகக் கிடக்கிறது. பழக்காரர் சில்லறை மாற்றுவதற்காக எதிர்க்கடைக்குப் போயிருந்ததால் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

"திரையில சந்து காலியாத்தான் சார் இருந்துச்சு, சத்தியமா" என்று அக்கா டிப்போ மேலாளரிடம் சொன்னாள்.

"திரையில காலியா இருந்துச்சுன்னு நீயே சொல்றியேம்மா. அப்ப திரை நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு? தப்பு உன்மேலதான்" என்றார் மேலாளர்.

இந்தத் தர்க்கத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியவில்லை. அக்காவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, ஷெட்டில் மற்றவர்களின் லாரியைக் கழுவுகிற வேலைக்குப் போட்டுவிட்டார். "இந்தத் திரை மன்றம் ஒத்துக்கிட்ட கெர்னல்ல ஓடுது. கோளாறுன்னு மன்றம் சொல்லட்டும், சரிபண்ணிக் குடுக்கட்டும், மறுபடி ஸ்டீயரிங்கைத் தரேன். அதுவரைக்கும் கழுவு" என்று முடித்துவிட்டார். அக்காவுக்கு அந்த ஸ்டீயரிங் என்றால் உயிர். நாலு பேர் சிரித்தபோது பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு வாங்கிய வேலை அது. ஷெட்டில் அவள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், அந்தத் திரையை நானே சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமர். லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குப்பையை அழுத்துகிற மோட்டார் ஓடினால் போதும், கேமரா மயங்கி விழுந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானே எழுந்துகொள்கிறது. கேமரா மயங்குவது குற்றமில்லை, மனிதர்களே மயங்குகிறார்கள். குற்றம் வேறு இடத்தில் இருந்தது.

கெர்னல் என்றால் கணினியின் அடிவயிறு. அதற்குள் ஒவ்வொரு வகைக் கேமராவோடும் பேசுவதற்கு ஒரு டிரைவர் இருக்கும். அதுவும் ஒரு நிரல்தான். எல்லா டிரைவருக்கும் பொதுவான சில்லறை வேலைகளை ஆளாளுக்குத் தனியாக எழுத வேண்டாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் ஹெல்பர். அதில் ஒரு ஹெல்பரின் வேலை, திரை வந்து "புதுப் படம் இருக்கா?" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது. கேமரா மயங்கிக் கிடந்தால் "இல்லை" என்று சொல்ல வேண்டியதுதானே? சொல்லவில்லை. போன படத்தையே மறுபடி எடுத்து, சுடச்சுடப் புதுசு மாதிரி நீட்டியது. அக்கா பார்த்த காலிச் சந்து, பழக்காரர் வருவதற்கு முன்னால் இருந்த சந்து.

அந்த ஹெல்பரையே நகலெடுத்து, நாலு வரி சேர்த்து, புது ஹெல்பராக எழுதினேன். படம் எப்போது எடுத்தது என்று பார். பழசாக இருந்தால் கொடுக்காதே, திரையைக் கறுப்பாக்கிவிடு. திரை கறுத்தால் வண்டி ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பார். ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம். ஆனால் அதை ஏற்க வேண்டியது குழந்தை இல்லையே, மன்றம்.

மற்ற இடங்களில் இந்த மாதிரித் திருத்தங்கள் மின்னஞ்சலிலேயே முடிந்துவிடுமாம். எங்கள் மன்றத்துக்கு நேரில் போக வேண்டும், அதுவும் அச்செடுத்துக்கொண்டு. வரவேற்பறையில் ஒன்றோடொன்று சங்கிலி போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலிகள், பழுது என்று தாள் ஒட்டிய தண்ணீர் இயந்திரம், சுவர் நிறைய, கெர்னலைக் கவனித்துக்கொண்ட முன்னாள் பராமரிப்பாளர்களின் புகைப்படங்கள். எல்லாரும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் நிற்கிறவனை ஒருத்தரும் பார்க்கவில்லை.

முதல் அறையில் இருந்தவரை எல்லாரும் இடைவெளி சார் என்றார்கள். என் தாளை வாங்கினார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், இரும்பு அளவுகோலை வைத்து அளந்தார், கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, மூணாவது வரி முடிஞ்சதுக்கப்புறம் ஒரு காலியிடம் இருக்கு."

"தாள்ல அது கண்ணுக்கே தெரியாதே சார்?"

"தெரியாதுதான். ஆனா இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சதுக்கப்புறம் மனுஷன் எப்படி நிம்மதியாச் சாப்பிடறது?"

"சரி சார், எடுத்துடறேன். அந்த வரியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா? ஒரு ஆள் சாகத் தெரிஞ்சாரு..."

"நான் எழுத்தையெல்லாம் பாக்கறதில்ல" என்றார், சைவக்காரரிடம் மீனை நீட்டியது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு. "எழுத்தைப் பாத்தா இடைவெளில கவனம் போயிடும். இந்த நாற்காலில இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன், ஒரு தடவை கூட படிச்சதில்ல. என்மேல ஒரு புகார் கிடையாது."

காலியிடத்தை எடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். அங்கே பெயர் மேடம். ஹெல்பரின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. நான் வைத்த பெயர் "பழைய படமா பார்". மேடம் அதைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"பழையன்னு போட்டிருக்கீங்களே, யாரைச் சொல்றீங்க?"

"படத்தை மேடம்."

"அது உங்களுக்குத் தெரியும். படிக்கறவங்களுக்கு? இந்த மன்றத்துல எல்லாருமே சீனியர். 'பழைய'ங்கறது மனசைப் புண்படுத்தற வார்த்தை. அதுவும் 'பார்'னு ஒருமையில சொல்றீங்க. கெர்னல்கிட்ட இப்படியா பேசறது?"

ஒரு பெயர் கொடுத்தேன், பிடிக்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன், அது நல்ல பெயராம், ஆனால் அதை வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஹெல்பருக்கு இன்னும் தகுதி வரவில்லையாம். கடைசியில் மேடமே மனமிரங்கி ஒரு பெயர் வைத்தார்: "முன்னதாகப் பெறப்பட்ட படத்தின் தற்போதைய பொருத்தத்தைப் பணிவுடன் வினவுக".

இந்தப் பெயர் ஒரு வரியில் அடங்கவில்லை. வரி நீளமாகிவிட்டது என்று இடைவெளி சார் மடக்கச் சொன்னார். மடக்கினால் பெயர் உடைகிறது, அவமரியாதை என்றார் மேடம். மேடம் ஒட்டச் சொல்ல, சார் வெட்டச் சொல்ல, இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த நடைபாதையில் என் செருப்பு தேய்ந்தது. உள்ளே இருந்த நாலு வரியை இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். அக்கா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இன்னொருவரின் டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஆச்சு?"

"பேர் வெச்சிட்டாங்கக்கா."

"எதுக்கு?"

"என் நாலு வரிக்கு."

"எனக்குப் பையன் பொறந்தப்பகூட இவ்வளவு நாள் ஆகலையேடா" என்றாள். பிறகு பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கு வேற ஒரு வண்டி ரிவர்ஸ்ல போய் டிப்போ கேட்டையே இடிச்சிடுச்சு. அந்த டிரைவரும் இப்ப என்கூடக் கழுவ வந்துட்டாரு. இப்படியே போனா எல்லாரும் கழுவத்தான் இருப்பாங்க, ஓட்ட ஆள் இருக்காது."

அடுத்ததாகத் தலைமைப் பராமரிப்பாளர். பெரிய அறை, பெரிய மேசை, மேசைமேல் ஒன்றுமே இல்லை. வேலை முடிந்ததால் இல்லையா, வராததால் இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்னை உட்காரச் சொன்னார். அந்த மரியாதைக்கே நான் கரைந்துபோனேன், மடையன்.

"இந்த ஹெல்பரை இப்ப யார் பயன்படுத்தறாங்க?" என்று கேட்டார்.

"எங்க கேமரா டிரைவர் பயன்படுத்தும் சார்."

"பயன்படுத்தும்ங்கறது சரி. இப்ப பயன்படுத்துதா?"

"ஹெல்பர் இன்னும் கெர்னலுக்குள்ள வரலையே சார்."

"யாரும் பயன்படுத்தாத ஹெல்பரை நாங்க உள்ள விடறதில்ல தம்பி."

"அப்ப முதல்ல டிரைவரை மாத்திக் கொண்டு வரட்டுமா?"

"இல்லாத ஹெல்பரைக் கூப்பிடற டிரைவரை எப்படி உள்ள விடறது? நீங்களே சொல்லுங்க."

"அப்ப எப்படித்தான் சார் உள்ள வர்றது?"

"நல்ல கேள்வி" என்று முகம் மலர்ந்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க இப்படிக் கேக்கறதே இல்ல. ஏன்னா அவங்க யாரும் உள்ள வர்றதே இல்ல. அதனாலதான் பாருங்க, நம்ம கெர்னல் இவ்வளவு சுத்தமா இருக்கு."

நான் பழவண்டியைப் பற்றிச் சொன்னேன். கேட்டைப் பற்றிச் சொன்னேன். அடுத்த முறை பழக்காரர் வண்டிக்குப் பக்கத்திலேயே நிற்பார் சார் என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

"திரை கறுப்பாயிட்டா ஓட்டறவங்க பயந்துடுவாங்களே தம்பி. பழைய படமா இருந்தாலும் அது நல்ல படம். வெளிச்சமா இருக்கு, தெளிவா இருக்கு, காலியா இருக்கு. மனசுக்கு அமைதி. நாங்க ஜனங்களுக்கு அமைதி குடுக்கறோம். அதோட இது சம்பந்தமா இதுவரைக்கும் ஒரு புகார் கூட வந்ததில்ல."

"நான் குடுத்தது என்ன சார்?"

"அது திருத்தம். புகார் வேற ஜன்னல்."

"அந்த ஜன்னல் எங்க சார் இருக்கு?"

"புகார் வந்தாத்தான் திறப்போம்."

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்காவின் ரப்பர் பூட்ஸ் கண்முன் வந்தது, உட்கார்ந்தேன். அவருக்கும் என்னைப் பார்க்க இரக்கமாக இருந்திருக்கும். ஒரு வழி சொன்னார். ஒரு திருத்தத்தில் ஒரு காரியம்தான் இருக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. எனவே என்னுடையதை மூன்றாகப் பிரித்துக் கொண்டுவர வேண்டும். முதலாவது, புது ஹெல்பர் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஹெல்பருக்கே மேடம் வைத்த புதுப் பெயர். இரண்டாவது, ஹெல்பரைப் பற்றிய விளக்கவுரை. மூன்றாவது, அந்த நாலு வரி. பிரித்துக் கொண்டுவந்தால் விதிவிலக்கு தருவதாகச் சொன்னார். பிரித்தேன். விளக்கவுரையை அவர்களே திருத்தித் திருத்தி, நாலு வரிக்கு ஒரு பக்கம் என்ற அளவுக்கு வளர்த்தார்கள். கடைசியில் மூன்று பேரும் "மறுஆய்வு செய்தேன்" என்று கையெழுத்துப் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் தாளைப் புரட்டினேன். முதலாவதிலும் இரண்டாவதிலும்தான் கையெழுத்து இருந்தது. மூன்றாவதில் "அடுத்த சுற்றுக்கு" என்று முத்திரை. ஓடினேன் தலைவரிடம்.

"சார், மூணாவதுதானே சார் உயிரே! மத்த ரெண்டும் சும்மா பேரும் பேச்சும்தானே!"

"அதனாலதான் அந்த ரெண்டையும் ஏத்துக்க எங்களுக்குத் தயக்கமே இல்ல" என்றார். "எதையும் மாத்தல, யாருக்கும் தொந்தரவு இல்ல. இந்த மூணாவது இருக்கே..." தாளை நகம் படாமல் தள்ளினார். "இது ஏதோ செய்யுதே தம்பி!"

"படிச்சுப் பாத்தீங்களா சார்?"

"மேடம் கையெழுத்துப் போட்டிருந்தாங்க, சாரும் போட்டிருந்தார், அதனால நான் போட்டேன். நான் போடுவேன்னு தெரிஞ்சுதான் அவங்க போட்டாங்க. ஒருத்தருக்கொருத்தர் இவ்வளவு நம்பிக்கை இருக்கறப்ப தனியா எதுக்குப் படிக்கணும்?"

அன்றைக்கே மன்றம் அறிவித்துவிட்டது: லாரித் திரைக்கான ஹெல்பர் மறுஆய்வு செய்யப்பட்டு ஏற்கப்பட்டது. டிப்போ மேலாளருக்கு வாயெல்லாம் பல். மன்றக் கட்டடத்தின் பின்முற்றத்தில் விழா, அதில் லாரியை ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். "உன் அக்காவே ஓட்டட்டும். எடுத்துக் காட்டிட்டா அன்னிக்கே ஸ்டீயரிங் அவங்களுக்குத்தான்" என்றார்.

நான் அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. பெயர் மாறியிருக்கிறது, உள்ளே பழைய புத்திதான், அதே பொய்யைத்தான் சொல்லும் என்றேன். அவள் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டினா வேலை கிடைக்கும்."

"ஆமாக்கா."

"அதே திரையைப் பாத்து நாளைக்கு அதே சந்துல எடுக்கணும்."

"ஆமா."

"சரி, போய்ப் பாக்கலாம்" என்றாள்.

விழாவில் லாரிக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த ஒரு மேசை, அதன்மேல் தலைவர் பார்ப்பதற்காக லாரியிலிருந்து ஒயர் இழுத்து வைத்த இன்னொரு திரை. அக்கா ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முதலில் புகைப்படம். தலைவர், மேடம், இடைவெளி சார், டிப்போ மேலாளர் எல்லாரும் லாரியின் பின்னால் வரிசையாக நின்று நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தார்கள். தலைவர் அங்கிருந்தே பேசினார்.

"மறுஆய்வுன்னா என்னன்னு கேக்கறாங்க. பொறுப்பு! ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால நாங்க நிக்கறோம்!" கைதட்டல். "வண்டியோட எல்லா வேலையும் காட்டும்மா! அந்த மோட்டாரையும் ஓட்டு!"

"மோட்டார் ஓடினா கேமரா நின்னுடும் சார்" என்றாள் அக்கா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

"அதெல்லாம் மறுஆய்வு ஆயாச்சும்மா. ஓட்டு."

ஓட்டினாள். பின்வாய் உறுமி மூடித் திறந்தது. மேசைத் திரையில் நால்வரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ரிவர்ஸ் கியரைப் போட்டாள், வண்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

"எல்லாரும் அங்கயே நில்லுங்க சார்!" என்று கூப்பிட்டாள். "நான் கண்ணாடியைப் பாக்க மாட்டேன். திரையைப் பாத்துத்தான் எடுப்பேன். நீங்க ஏத்துக்கிட்டதுதானே!"

இடைவெளி சாருக்கு ஒரு அவசரப் போன் நினைவுக்கு வந்தது. மேடத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவர், திரையை அருகில் இருந்து பார்ப்பது தன் கடமை என்று சொல்லிக்கொண்டே நடந்தார், நடந்தார் என்றா சொன்னேன், ஓடினார். எல்லாருக்கும் முன்னால் டிப்போ மேலாளர் வந்து சேர்ந்தார். வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அக்கா பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை.

லாரிக்கு முன்னால் இருந்த மேசையைச் சுற்றி நால்வரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று திரையைப் பார்த்தார்கள். திரையில் நால்வரும் லாரிக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முடிகூட அசையவில்லை.

தலைவர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "நல்லா விழுந்திருக்கு" என்றார். "வெளிச்சமா, தெளிவா." பக்கத்தில் நோட்டோடு நின்ற குறிப்பெடுக்கிறவர் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க. உறுப்பினர் அனைவரும் வண்டி இயக்கத்தின்போது பின்னால் துணிவுடன் நின்றனர். திரை அதை உறுதிசெய்தது. சோதனை வெற்றி."

குறிப்பெடுக்கிறவர் எழுதிக்கொண்டார். இடைவெளி சார் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ஒரு இடைவெளியைக் குறைக்கச் சொன்னார்.

அக்கா எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். திரையைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். டிப்போ மேலாளரின் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"சார், நீங்க சொல்லுங்க. இப்ப நீங்க எங்க நிக்கறீங்க?"

மேலாளர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். தலைவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கித் திரையைக் காட்டினார்.

"அங்கதாம்மா."

அக்காவின் கையில் லாரிச் சாவி இருந்தது. அதை ஒரு தடவை இறுக்கிப் பிடித்ததை நான் பார்த்தேன். அப்புறம் வெள்ளைத் துணிமேல் வைத்தாள், சத்தமே வராமல்.

"வாடா போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லிட்டுப் போகலாம்னா, இங்க ஒருத்தரும் இல்ல."